எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் "இதய உறையில் லேசாக நீர், 6 மிமீ" என்று இருக்கிறது. அந்த நீர் எங்கே இருக்கிறது? பயப்பட வேண்டுமா?

மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சுவலி எதுவும் இல்லையென்றால் 6 மிமீ என்ற அந்த ஒரு வரிக்காகப் பயப்பட வேண்டாம். எவ்வளவு நீர் என்பதைவிட, அது எவ்வளவு வேகமாகச் சேர்ந்தது என்பதுதான் உயிருக்கு முக்கியம். உறையின் அமைப்பைப் புரிந்துகொண்டால் இதற்கான காரணம் தெரிந்துவிடும்.

டாக்டர்கள் பெரிகார்டியம் என்று சொல்லும் இதய உறையின் வெளிப்பகுதி தடித்த நார்ப்படலம். கீழே உதரவிதானத்தின் (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) நடுப்பகுதியோடும், முன்னால் மார்பெலும்போடும், மேலே பெரிய ரத்தக்குழாய்களின் சுவரோடும் பிணைந்திருக்கும். நாம் குனிந்தாலும் புரண்டு படுத்தாலும் இதயம் அதிகம் நகராமல் இருப்பது இதனால்தான். அதற்குள் மெல்லிய படலம் ஒன்று இரண்டு அடுக்காக மடிந்திருக்கிறது. பாதி காற்றுள்ள பலூனில் கைமுட்டியை அழுத்திப் புதைத்தால் முட்டியைச் சுற்றி இரண்டு அடுக்கு வருமே, அந்த மாதிரி. ஓர் அடுக்கு இதயத் தசைமேல் ஒட்டியிருக்கும், மற்றது நார்ப்படலத்தின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். நீர் இருப்பது இவை இரண்டுக்கும் நடுவில். ஆரோக்கியமானவருக்கும் அங்கே 15 முதல் 50 மில்லி வரை இருக்கும். நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயம் உரசாமல் வழுக்கிக்கொண்டு இயங்க அது வேண்டும்.

எக்கோவில், இதயம் தளர்ந்து விரியும் நேரத்தில் இந்த இடைவெளியை அளப்பார்கள். 10 மிமீ-க்குக் குறைவு என்றால் லேசானது, 10 முதல் 20 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். நோயாளி மல்லாந்தோ சாய்ந்தோ படுத்திருப்பதால் கொஞ்சமாக உள்ள நீர் முதலில் இதயத்தின் பின்பக்கம் தேங்கும். முன்பக்கம் மட்டும் இடைவெளி தெரிந்தால் பெரும்பாலும் அது கொழுப்பு. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கொரோனரி குழாய்கள் உள் அடுக்குக்கு அடியில் இந்தக் கொழுப்புக்குள்தான் ஓடுகின்றன. நுரையீரல் உறையில் சேர்ந்த நீரும் குழப்பலாம். இரண்டையும் பிரித்தறிய, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியின் கீழிறங்கும் பகுதியைப் பார்க்க வேண்டும். இதய உறை நீர் அதற்கு முன்னால் முடிந்துவிடும், நுரையீரல் உறை நீர் அதற்குப் பின்னாலும் பரவியிருக்கும்.

இனி வேகம். நார்ப்படலத்தின் இழைகள் முதலில் சற்றே நெளிந்திருக்கும். கொஞ்சம் நீர் சேரும்போது நெளிவு நிமிர்ந்து இடம் கொடுக்கும். முழுக்க நிமிர்ந்த பிறகு அவை திடீரென்று நீளாது. அதற்கப்புறம் சேரும் ஒவ்வொரு மில்லியும் உள்ளழுத்தத்தைச் செங்குத்தாக ஏற்றும். கத்திக்குத்து, பெருந்தமனிக் கிழிசல், மாரடைப்புக்குப் பின் இதயச் சுவர் உடைவது ஆகியவற்றில் 150 முதல் 200 மில்லி ரத்தமே உயிரைப் பறிக்கப் போதும். தைராய்டு குறைபாடு, காசநோய், புற்றுநோய் போன்றவற்றில் வாரக்கணக்கில் மெதுவாகச் சேர்ந்தால் உறையே வளர்ந்து ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தாங்கும். உயிருக்குப் போராடும் நோயாளிக்கு 50 மில்லி எடுத்ததுமே ரத்த அழுத்தம் ஏறுவதும் இதே காரணத்தால்தான்.

அழுத்தத்துக்கு முதலில் மடங்குவது வலது மேலறையும் வலது கீழறையும். இடது கீழறையின் சுவர் சுமார் 10 மிமீ தடிமன், வலது கீழறையின் சுவர் 3 முதல் 5 மிமீதான், உள்ளே இருக்கும் அழுத்தமும் குறைவு. இந்த நிலையில் தசை பலவீனமாகிவிடவில்லை. உள்ளே ரத்தம் நிரம்பத்தான் இடமில்லை. இதை மறந்து செய்யும் ஒரு தவறு என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது. கழுத்துச் சிரை புடைத்து, கால் வீங்கி வருபவரை இதயச் செயலிழப்பு என்று நினைத்துச் சிறுநீர் பிரிக்கும் ஊசி போட்டுவிடுவார்கள். நிரம்புவதற்கு இருந்த கொஞ்ச அழுத்தமும் அதோடு போய், நோயாளி சரிந்துவிடுவார். இதயம் பெரிதாக வீங்கித் தெரிகிறதா என்று எக்ஸ்ரேயில் தேடுவதும் அவசரத்தில் உதவாது, சுமார் 200 மில்லிக்குமேல் சேர்ந்தால்தான் அதில் மாற்றம் தெரியும். 1935இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக் சொன்ன மூன்று அடையாளங்கள் குறைந்த ரத்த அழுத்தம், புடைத்த கழுத்துச் சிரை, மங்கிய இதய ஒலி. மெதுவாக நீர் சேர்ந்தவர்களிடம் மூன்றும் ஒன்றாகத் தெரிவது அபூர்வம். மூச்சை இழுக்கும்போது ரத்த அழுத்தத்தின் மேல் எண் 10 மிமீ பாதரசத்துக்குமேல் இறங்குகிறதா என்று பார்ப்பது அதைவிட நல்ல துப்பு.

நீரை எடுக்க, மார்பெலும்பின் கீழ் நுனிக்கும் இடது விலா விளிம்புக்கும் நடுவில் ஊசியை நுழைத்து இடது தோளை நோக்கிச் செலுத்துவது பழைய வழி. இப்போது எக்கோவில் நீர் எங்கே அதிகம், ஊசிப் பாதையில் கல்லீரலோ நுரையீரலோ குறுக்கிடாமல் இருக்கிறதா என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரத்தமாக வந்தால் ஊசி உறைக்குள் இருக்கிறதா, இதய அறைக்குள் போய்விட்டதா என்ற சந்தேகம் வரும். குலுக்கிய சலைனைக் (உப்புநீர்) கொஞ்சம் செலுத்திக் குமிழ்கள் எங்கே தெரிகின்றன என்று எக்கோவில் பார்த்தால் தெளிவாகிவிடும்.

நீருக்குக் காரணம் உறை அழற்சி என்றால் வலி இருக்கும். படுத்தால், ஆழமாக மூச்சிழுத்தால் குத்தும். முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு உறையின் மேலேயே ஓடுவதால் தோள்பட்டையின் மேல்விளிம்பிலும் வலிக்கும். வழக்கமாக வலிநிவாரணியோடு, அழற்சியைக் குறைக்கும் கோல்ச்சிசின் என்ற மாத்திரையும் கொடுப்பார்கள். முதல்முறை வந்தவருக்குக் கோல்ச்சிசின் மூன்று மாதம். வலி போனதும் தானாக நிறுத்துபவர்களுக்கு அழற்சி திரும்ப வருவது சகஜம்.

நம் ஊரில் காசநோயை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. அதில் நீர் வற்றிய பிறகும் உறை தடித்து, சுண்ணாம்பு படிந்து இதயத்தை இறுக்கிவிடலாம். வயிறு வீங்கும், ஈரல் நோய் என்றே சிலருக்கு நெடுநாள் மருத்துவம் நடக்கும். கழுத்துச் சிரை புடைத்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும்.

உங்கள் 6 மிமீ-க்கு வருவோம். டாக்டரிடம் டிஎஸ்ஹெச் (தைராய்டு), கிரியாட்டினின் (சிறுநீரகம்), சிஆர்பி (அழற்சி) ஆகிய ரத்தப் பரிசோதனைகள் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். தினமும் மாலையில் காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மறு எக்கோ எப்போது என்று தேதி வாங்கிக்கொள்ளுங்கள். அண்மையில் ஆஞ்சியோ, பேஸ்மேக்கர், இதய அறுவை ஏதாவது நடந்திருந்தால் கணக்கு வேறு, லேசான நீர் என்றாலும் மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.