இரண்டு நாள் கிளினிக்கை மூடிவிட்டு ஹார்மோன் நோய்ப் பயிற்சிக்குப் போகலாமா?

கேள்வி: நாய், பூனைகளுக்கு வரும் ஹார்மோன் நோய்கள் பற்றிக் கால்நடை மருத்துவர்களுக்கு நடத்தும் தொடர்கல்விப் பயிற்சியால் பிரயோஜனம் உண்டா? இரண்டு நாள் கிளினிக்கை மூட வேண்டியிருக்கிறது.

போங்கள். நீங்களும் என்னைப் போலத் தனியாளாகக் கிளினிக் நடத்துகிறவராகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடுவதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட மாட்டீர்கள். எனக்கு ராஜபாளையம். (ஆமாம், அந்த ராஜபாளையம்தான். என்னிடம் வெள்ளைக் குட்டி விற்பனைக்கு இல்லை.)

ஜூலி என்று ஒரு பொமரேனியன் கலப்பு. நாலு வயது, பத்து கிலோ, பலசரக்குக் கடை அண்ணாச்சி வீட்டு நாய். 2019இல் மாதத்துக்கு ஒரு தடவை வந்துவிடும். வாந்தி, நடுக்கம், பின்னங்கால் தள்ளாட்டம். நார்மல் சலைன் ஏற்றி அனுப்பினால் மறுநாள் கடை வாசலில் நின்று குரைக்கும். மூன்றாவது தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தேன். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 4.1, ரொம்ப அதிகம். கிட்னி போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். "மிஞ்சினா ஆறு மாசம் அண்ணாச்சி" என்று கெடுவும் கொடுத்தேன். ஜூலிக்குச் சாப்பாட்டில் போடும் ஈரலை நிறுத்தச் சொல்லி, சிறுநீரக நோய்க்கான தீவனப் பை ஒன்றை மதுரையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். விலை கேட்டு அண்ணாச்சி ஒரு நிமிஷம் பேசவில்லை. ஜூலி அதை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

அதே ரிப்போர்ட்டில் சோடியம் 127, பொட்டாசியம் 7.2 என்றும் இருந்தது. கிட்னி கெட்டால் பொட்டாசியம் ஏறத்தானே செய்யும் என்று தாண்டிப் போனேன்.

அடுத்த மாதம் சென்னையில் பயிற்சி. படிக்கிற ஆசையில் போகவில்லை. கூடப் படித்தவர்களைப் பார்க்கலாம் என்றுதான் பொதிகை ரயிலில் ஏறினேன். முதல் நாள் மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகுகிற நேரத்தில், பாடம் எடுத்தவர் ஒரு நாயின் ரிப்போர்ட்டைத் திரையில் போட்டு, சோடியத்தைப் பொட்டாசியத்தால் வகுக்கச் சொன்னார். 27க்குக் கீழே வந்தால் கிட்னிக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ரீனல் சுரப்பியைச் சந்தேகப்பட வேண்டும், 20க்குக் கீழே என்றால் சந்தேகம் இன்னும் பலம். என் போனில் ஜூலியின் ரிப்போர்ட் இருந்தது. மேசைக்கு அடியில் வைத்து வகுத்தேன். 17.6.

அடிசன் நோய். அட்ரீனல் சுரப்பியின் வெளிப்பகுதி அழிந்து கார்டிசால், ஆல்டோஸ்டீரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் வராமல் போவது. ஆல்டோஸ்டீரோன் இல்லையென்றால் உப்பு சிறுநீரில் ஓடிவிடும், கூடவே தண்ணீரும் போகும், பொட்டாசியம் மட்டும் உள்ளே தங்கும். கிட்னிக்குப் போதுமான ரத்தம் போகாததால் கிரியாட்டினின் ஏறும். தொட்டியில் தண்ணீர் இல்லாததற்குக் குழாயைக் குறை சொல்லியிருக்கிறேன். சலைன் என்பதே உப்பும் தண்ணீரும்தான், ஏற்றியதும் நாய் எழுந்து குரைக்காமல் என்ன செய்யும்? துவண்டு கிடக்கிற நாய்க்கு இதயம் படபடவென்று அடிக்க வேண்டும். ஏறிய பொட்டாசியம் இதயத்தை மெதுவாக்கியதால் ஜூலிக்கு நிமிஷத்துக்கு 60தான். என் கையெழுத்திலேயே குறித்து வைத்திருந்தேன்.

"சிறுநீர் அடர்த்தி பார்க்கவில்லையா?" என்று கீழே கமெண்டில் ஒருவர் கேட்பார், தெரியும். பார்த்தேன். 1.018. அடிசனிலும் சோடியம் இழப்பால் அடர்த்தி இப்படி இறங்கி, கிட்னி நோய் போலவே காட்டும். "கல்லூரியில் சொல்லித் தரவில்லையா?" தந்தார்கள். ஐந்தரை வருடத்தில் மாடு, ஆடு, கோழி, பன்றி எல்லாவற்றுக்கும் நடுவே அதற்கும் ஒரு மணி நேரம் இருந்தது, தேர்வும் எழுதினேன். தாமஸ் அடிசன் 1855இல் மனிதர்களிடம் கண்டு எழுதிய நோய் என்னிடம் வந்து சேர 2019 ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

பயிற்சி முழுவதும் தங்கம் என்று சொல்ல மாட்டேன். வயதான பூனைகளின் தைராய்டு மிகை பற்றி ஒன்றரை மணி நேரம். என் கிளினிக்குக்குப் பத்து வயது தாண்டிய பூனை வருவதே அபூர்வம். ஆனால் நாய்களின் தைராய்டு குறைவு வகுப்பு சுட்டது. குண்டான லாப்ரடார் வந்தால் ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனான டி4 மட்டும் பார்த்து, குறைவாக இருந்தால் மாத்திரை எழுதிக்கொண்டிருந்தேன். வேறு எந்த நோய் இருந்தாலும், ஸ்டீராய்டு கொடுத்திருந்தாலும் டி4 இறங்கும். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச், புரதத்தோடு ஒட்டாத ஃப்ரீ டி4 இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது. ஊருக்கு வந்து சில நாய்களுக்கு மாத்திரையை நிறுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை.

பிரிட்டனில் கால்நடை மருத்துவர் வருடத்துக்கு 35 மணி நேரம் தொடர்கல்வி கணக்குக் காட்ட வேண்டும். இங்கே நாம் கதவில் "இரண்டு நாள் விடுமுறை" என்று ஒட்டிவிட்டு வந்தால், கூகுளில் ஒற்றை நட்சத்திரம் காத்திருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "டாக்டர் நல்லவர், கார் நிறுத்த இடமில்லை" என்று ஒற்றை நட்சத்திரம் போட்டவரை என்ன செய்வது? அந்தத் தெருவில் மாட்டு வண்டியே திரும்பாது. நானா தெரு போட்டேன்?

சரி, ஜூலி. அன்று சாயங்காலமே வராந்தாவில் நின்று அண்ணாச்சிக்குப் போன் போட்டு, நான் வரும்வரை யாரிடமும் ஊசி போட்டுவிடாதீர்கள் என்றேன். நடுவில் யாராவது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் கார்டிசால் அளவே குழம்பிவிடும். அட்ரீனலைத் தூண்டிப் பார்க்கும் ஏசிடிஎச் ஊசி கிடைக்கத்தான் அலைந்தேன், கூடப் படித்த ஒருவர் ஏற்பாடு செய்து கொடுத்தார். ஊசிக்கு முன்னும் ஒரு மணி நேரம் கழித்தும் எடுத்த இரண்டு ரத்தத்திலும் கார்டிசால் 1க்குக் கீழே. தூண்டியும் ஏறவில்லை, அடிசன்தான். ஆல்டோஸ்டீரோனுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோன் மனிதர்களுக்கான மாத்திரைதான், 100 மைக்ரோகிராம், தினம் இரண்டு. கூடவே கொஞ்சம் பிரெட்னிசோலோன். ஆயுசு முழுக்கக் கொடுக்க வேண்டும்.

அண்ணாச்சியை உட்காரவைத்து, நான் சொன்னது தப்பு, கிட்னி நன்றாக இருக்கிறது என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அரை மூட்டை மிச்சமிருந்த தீவனப் பையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"அப்போ ஈரல் போடலாமா சார்?"