புல்மோட்டை தங்கவயல் ஆகுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கர்நாடகத்துக் கோலார் தங்கவயலுக்குப் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை இரண்டு தரம் வாசித்தேன். என் அப்பா திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையில், கடற்கரைக் கருமணலிலிருந்து இல்மனைட் என்ற கனிமத்தைப் பிரிக்கிற தொழிற்சாலையில் வேலை செய்தவர். அதற்கு முன்னால் சீனக்குடாவில் இருந்த ஆலையில் இருந்தார். நாங்கள் திருகோணமலை உவர்மலையில் இருந்தோம், அவர் வாரத்துக்கு ஒருக்கால் வருவார். வழியில் உள்ள யான் ஓயா ஆற்றில் அப்போது பாலம் இல்லை. பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் இக்கரைக்கு வரவேண்டும். அவருடைய உடுப்பை அம்மா உதறினால் முற்றத்தில் கருமணல் கொட்டும். அதைக் கூட்டி அள்ளி மல்லிகைக்கு அடியில் போடுவா.

2001இல் தங்கவயல் மூடப்பட்டபின் அங்குள்ள சனங்கள் பட்ட பாட்டை வாசித்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. என் தம்பியின் மகன் இப்போது புல்மோட்டையில்தான் வேலை செய்கிறான். அங்கேயே வீடும் கட்டப்போகிறானாம். மணல் முடிந்தால் புல்மோட்டையும் அப்படித்தான் ஆகுமா?

இன்னுமொன்று. அப்பா விட்டுப்போன சாமான்களில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் இருக்கிறது. அதில் மூன்று நிறத்தில் மணல் அடுக்கடுக்காக நிற்கிறது. நாங்கள் வீடு மாறுகிறோம். எறிய மனம் வரவில்லை. அது என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?

ம., உவர்மலை

அன்புள்ள ம.,

ஆகாது என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

தங்கவயலில் 1880இல் ஜான் டெய்லர் அன் சன்ஸ் கம்பனி வந்து இறங்கியபோது அங்கே ஊர் என்று சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. கம்பனிதான் ஊரைக் கட்டியது. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து காணி இல்லாத தமிழ்ச் சனங்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பெரும்பாலும் தலித் மக்கள். ஊரில் பண்ணையாருக்குக் கீழே கிடந்ததைவிடப் பாதாளத்தில் இறங்குவது மேல் என்று வந்தவர்கள். மூங்கில் தட்டி வைத்து அடைத்த வீடுகளில் வரிசை வரிசையாகக் குடியிருந்தார்கள். வீடு கம்பனியுடையது, தண்ணீர் கம்பனியுடையது, ஆஸ்பத்திரியும் கம்பனியுடையது. பொழுது விடிந்ததைச் சொன்ன சங்கும் அப்படித்தான். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கே மூன்று வருஷம் கழித்துத்தான் அது கிடைத்தது. ஆனால் கம்பி இழுத்தது இயந்திரங்களுக்காக. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே கொதிக்கும், நினைத்திராத நேரத்தில் வெடித்துச் சிதறும். 120 வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். எடுத்தவர்களுக்கு மிஞ்சியது நெஞ்சில் படிந்த கல்தூசி.

ஒன்றை மட்டும் சொல்லாமல் தாண்ட முடியாது. அந்த வரிசை வீடுகளில் இருந்தவர்கள் வாசித்தார்கள், சங்கம் அமைத்தார்கள், புத்த விகாரை கட்டினார்கள், அச்சுக்கூடம் நடத்தினார்கள். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் நடத்திய 'தமிழன்' பத்திரிகை அவர் மறைந்து பல வருஷம் கழித்து அப்பாதுரையார் பொறுப்பில் தங்கவயலிலிருந்துதான் மறுபடி வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளியின் காசில் நடந்த பத்திரிகை. போன தடவை எழுதியபோது இதைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன். அது பிழைதான்.

சரி, 2001 பெப்ரவரி 28இல் மூடினார்கள். நிலத்துக்கு அடியில் தங்கம் இன்னும் இருந்தது. ஆழத்திலிருந்து எடுக்கிற செலவு தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது. சம்பளம் நின்ற அன்றே அந்தச் சனத்துக்கு மற்ற எல்லாமும் ஆட்டம் கண்டது. மூன்று தலைமுறையாக இருக்கிற வீடு யாருடையது என்பதே கேள்வியாகிவிட்டது. திரும்பிப்போக வட ஆற்காட்டில் ஒரு துண்டு நிலமும் கிடையாது.

நான் போயிருந்தபோது விடியற்காலையில் மாரிகுப்பம் ஸ்டேஷனில் நின்றேன். பாதை முடிகிற ஸ்டேஷன் அது. பெங்களூர் ரயிலுக்குச் சனம் இருட்டிலேயே வந்து ஏறியது. ஆணும் பெண்ணுமாக, கையில் சாப்பாட்டுக் கேரியர். ஏறி உட்கார்ந்த உடனேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறார்கள். போக நூறு கிலோமீட்டர், வர நூறு கிலோமீட்டர், தினமும். எனக்கு எதிரே இருந்தவருக்கு அறுபது வயது இருக்கும். சுரங்கத்தில் இருபது வருஷம் இருந்தவர், இப்போது பெங்களூரில் ஒரு கட்டடத்தில் காவல் வேலை. அவருடைய சாவிக்கொத்தில் நம்பர் பொறித்த பித்தளை வில்லை ஒன்று தொங்கியது. கீழே இறங்குகிறவருக்கு ஒன்று கொடுப்பார்களாம், ஏறி வந்ததும் திருப்பிக் கொடுக்கவேண்டுமாம். கடைசி நாள் ஏறி வந்தவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தபோது கட்டைவிரல் அந்த நம்பரைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பாதி எண்கள் அழிந்துவிட்டன.

இப்போது புல்மோட்டைக்கு வாருங்கள். கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் வந்தபோது அங்கே ஊர் இருந்தது. பள்ளிவாசல் இருந்தது, வயல் இருந்தது, கரைவலைப் பாடு இருந்தது. தொழிற்சாலை ஊருக்குப் பக்கத்தில் வந்து இருந்துகொண்டது, அவ்வளவுதான். தொழிற்சாலைக்குப் போன ஆளின் தம்பி கடலுக்குப் போனான், மாமன் வயலுக்குப் போனான். ஒரே வீட்டில் மூன்று வருமானம். உங்கள் அப்பாவைப் போல வெளியிலிருந்து போனவர்களுக்கும் உவர்மலையிலோ மூதூரிலோ ஒரு வீடு இருந்தது.

மணலும் வேறு மாதிரியானது. தங்கவயலில் எடுத்த கல் எடுத்ததுதான். புல்மோட்டையில் வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து, அள்ளின இடத்தில் கருமணலைக் கொண்டுவந்து மறுபடி ஒதுக்கிவிட்டுப் போகும். தைக்குப் பிறகு போய்ப் பாருங்கள், கரை மையைக் கொட்டினது மாதிரி இருக்கும். மத்தியானத்தில் செருப்பில்லாமல் கால் வைக்க ஏலாது. அள்ளுகிற வேகத்துக்குக் கடல் ஈடு கொடுக்குமா என்பது வேறு கேள்வி. கரையை இஷ்டத்துக்குத் தோண்டினால் கடல் உள்ளே வரும். அதிலே எனக்குப் பயம் இருக்கிறது.

நீங்கள் பயப்படுகிற அந்த மூடல் புல்மோட்டைக்கு ஒருதரம் வந்து போய்விட்டது. 1997 செப்டம்பரில் இல்மனைட் ஏற்றிக்கொண்டு நின்ற 'கோர்டியாலிட்டி' கப்பலைப் புலிகள் தாக்கி மூழ்கடித்தார்கள். சீன மாலுமிகள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு எந்தக் கப்பல்காரன் வருவான்? ஆலை வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடவில்லை. கடலுக்குப் போகவும் தடை, பாதையெல்லாம் காவலரண். அப்படியிருந்தும் ஊர் கலையவில்லை. வயலும் களப்பும் ஆடுமாடும் அதைத் தாங்கிப் பிடித்தன. 2009 மார்ச்சில் வன்னியிலிருந்து கப்பலில் காயக்காரரைக் கொண்டுவந்து இறக்கியதும் இந்தக் கரையில்தான். இந்திய வைத்தியர்கள் அங்கே கொட்டகை போட்டு வைத்தியம் பார்த்தார்கள். மணல் தொழிற்சாலை என்பது அந்த ஊரின் கதையில் ஒரு அத்தியாயம். தங்கவயலுக்குச் சுரங்கம்தான் முழுக்கதையும்.

ஆகவே உங்கள் தம்பி மகனுக்கு நான் சொல்வது இதுதான். வேலையை விடவேண்டாம். அவன் வீட்டை சொந்தப் பேரில் உறுதி (பத்திரம்) உள்ள காணியில் கட்டட்டும், வசதிக்காக ஆலையின் நிழலில் போய் ஒதுங்கவேண்டாம். குச்சவெளிப் பக்கம் குடும்பத்துக்கு வயல் இருந்தால் வீடு கட்டுகிற காசுக்காக அதை விற்கவே கூடாது. குத்தகைக்காவது கொடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இனிப் போத்தல். கடிதத்தை வாசித்ததிலிருந்து எனக்கு அந்தப் போத்தல் நினைப்புத்தான். மூன்று நிறத்தையும் நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கறுப்பாக இருப்பது இல்மனைட். சிவப்புக் கலந்த மண்ணிறமாக இருந்தால் ரூட்டைல். வெள்ளையாக, சீனி மாதிரி மினுங்குவது சிர்கோன். கரையில் மூன்றும் ஒன்றாகக் கலந்துதான் கிடக்கும். இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும், அதை முதலில் எடுத்துவிடுவார்கள். மிச்சத்தில் ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது. மின்னேற்றிய உருளையில் போட்டால் ஒன்று விலகி விழும், மற்றது ஒட்டிக்கொண்டு போகும். இல்மனைட்டிலும் ரூட்டைலிலும் இருந்து வருகிற டைட்டேனியத்தில்தான் வெள்ளைப் பெயின்ட் செய்கிறார்கள். சிர்கோன் பீங்கானுக்குப் போகும். நாங்கள் மணலாக அனுப்பிவிட்டுப் பெயின்ட்டாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். இத்தனை வருஷமாகியும் இது மாறவில்லை என்பதில் எனக்குத் தீராத கோபம் இருக்கிறது.

கையில் எடுத்துப் பார்த்தீர்களா? அளவுக்கு மீறிக் கனக்கும். சாதாரண மணல் அந்தப் பாரம் இருக்காது. அப்பா அதை ஒரே நாளில் நிரப்பியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். சீனக்குடா ஆலையில் பிரித்தது ரூட்டைலும் சிர்கோனும். பிறகு அந்த வேலையையும் புல்மோட்டைக்கே கொண்டுபோய்விட்டார்கள். அவர் இரண்டு இடத்திலும் நின்றவர். எந்த அடுக்கு அடியில் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். வெள்ளையும் சிவப்பும் அடியிலே, கறுப்பு மேலே என்றால் சீனக்குடாவில் தொடங்கிய போத்தல் அது.

எறியவேண்டாம். மூடி துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள். வீடு மாறும்போது லொறியில் ஏற்றாமல் மடியில் வைத்துக்கொண்டு போங்கள். குலுங்கிக் கலந்துவிட்டால், திரும்பப் பிரிக்கப் புல்மோட்டைக்குத்தான் கொண்டுபோகவேண்டும்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து