நெரிசல் மிக்க ரயில் நிலையத்தை மூடாமலேயே இடித்துக் கட்ட முடியுமா?

முடியும். ஆனால் ‘மூடாமல்’ என்று ரயில்வேக்காரர்கள் சொல்வதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. லண்டனில் லூயிஷத்திலிருந்து லண்டன் பிரிட்ஜ் நிலையத்துக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்தவன் நான். 2013-இல் தொடங்கி 2018 ஜனவரி வரை அந்த நிலையத்தை இடித்துக் கட்டினார்கள். அந்த ஐந்து ஆண்டுகளும் நான் அதன் வழியாகத்தான் போனேன், வந்தேன்.

லண்டன் பிரிட்ஜ் 1836-இல் திறக்கப்பட்டது. அங்கே தண்டவாளங்கள் தரையில் இல்லை. செங்கல் வளைவுகளின் மேல், மாடி உயரத்தில் ஓடுகின்றன. பழைய நிலையத்தில் 15 நடைமேடைகள் இருந்தன. அவற்றில் 9 நடைமேடைகளில் ரயில் வந்து நின்று, வந்த வழியே திரும்ப வேண்டும். நிலையத்தைக் கடந்து நகருக்குள் போகும் ரயில்களுக்கு 6 மட்டுமே. இதைத் தலைகீழாக்கி, கடந்து போகும் ரயில்களுக்கு 9, திரும்பும் ரயில்களுக்கு 6 என்று மாற்றினார்கள். அதோடு, எல்லா நடைமேடைகளுக்கும் அடியில் தெரு மட்டத்தில் ஒரே பெரிய கூடமும் கட்டினார்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 100 கோடி பவுண்டு.

சிக்கல் எங்கே என்று பாருங்கள். அடியில் கூடம் வேண்டுமென்றால் வளைவுகளை இடிக்க வேண்டும். வளைவுகளைத் தொட்டால் அவற்றின் மேல் ரயில் ஓட முடியாது. ஆகவே நிலையத்தை ரொட்டி போல நீளவாக்கில் துண்டு போட்டார்கள். தெற்குப் பக்கத்து நடைமேடைகளில் தொடங்கி, ஒரு துண்டில் ரயிலை நிறுத்துவது, வளைவுகளை அகற்றுவது, தூண்களை எழுப்பிப் புதிய தளம் போடுவது, தண்டவாளம் பதிப்பது, ரயிலைத் திரும்ப விடுவது, அடுத்த துண்டுக்கு நகர்வது. இதற்கான ஆயத்தம் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. நிலையத்துக்கு மேற்கே கூடுதல் தண்டவாளங்களுக்கான பாலத்தை 2011-லேயே சாலைக்கு மேல் நகர்த்தி வைத்துவிட்டார்கள். அது இல்லாவிட்டால் உள்ளே எவ்வளவு கட்டியும் பயனில்லை.

துண்டு போட்டதன் விலையைப் பயணிகள் கொடுத்தார்கள். 2015 ஜனவரியிலிருந்து 2016 ஆகஸ்ட் வரை லண்டன் பிரிட்ஜைக் கடந்து நகருக்குள் சாரிங் கிராஸ் முனையம் வரை போகும் ரயில்கள் இங்கே நிற்கவே இல்லை. மெதுவாகக் கடந்து போயின. அதன்பின் 2018 ஜனவரி வரை, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கேனன் ஸ்ட்ரீட் முனையத்துக்குப் போகும் ரயில்கள் நிற்கவில்லை. லண்டனை வடக்கு தெற்காகக் கடந்து போகும் தேம்ஸ்லிங்க் ரயில்களோ மூன்று ஆண்டுகள் வேறு பாதையில் சுற்றிப் போயின. நிலையம் திறந்திருந்தது என்பது உண்மை. ஆனால் நீங்கள் ஏறிய ரயிலுக்கு அது திறந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி.

புதிய கூடத்தின் மூன்றில் இரண்டு பங்கு 2016 ஆகஸ்ட் 29 அன்று திறந்தது. அது பொது விடுமுறைத் திங்கள். கூட்டம் குறைந்த நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. சாரிங் கிராஸ் ரயில்கள் நிற்கத் தொடங்கி, கேனன் ஸ்ட்ரீட் ரயில்கள் நிற்காமல் போனதும் அப்போதுதான். மறுநாள் காலை, ஒன்றரை ஆண்டுப் பழக்கத்தில் கேனன் ஸ்ட்ரீட் ரயிலில் ஏறிவிட்டேன். லண்டன் பிரிட்ஜ் நெருங்கியதும் என்னோடு ஐந்தாறு பேர் எழுந்து கதவருகே போய் நின்றோம். ஒருவர் பொத்தான் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தார். ரயில் நிற்கவில்லை. சன்னலுக்கு வெளியே ஆரஞ்சு நிறச் சட்டை போட்டவர்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். கேனன் ஸ்ட்ரீட்டில் இறங்கி, தேம்ஸ் ஆற்றுப் பாலத்தின் மேல் நடந்தே திரும்பினேன். காலை வேளையில் அந்தப் பாலத்தில் கூட்டம் முழுக்க வடக்கு நோக்கித்தான் வரும். எதிர்த் திசையில் போவது ஆற்று வெள்ளத்தில் எதிர்நீச்சல் போடுவது போல. அறிவிப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். பல மாதங்களாகவே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் காதில் விழுந்தது காலுக்குப் போய்ச் சேரச் சில நாள் ஆகிறது. அந்த முதல் வாரத்தில் ரயிலுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

இன்னொரு காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. வெள்ளைக் கோலோடு ஒரு பெரியவர் தினமும் என் ரயிலில் வருவார். படிகளையும் திருப்பங்களையும் எண்ணி வைத்திருப்பவர் போல விறுவிறுவென்று நடப்பார். ஒரு திங்கட்கிழமை வழி மாறியிருந்தது. அவர் திரும்பும் இடத்தில் பலகைத் தடுப்பு. கோலால் அதை இரண்டு முறை தட்டினார். பிறகு உள்ளங்கையைப் பலகை மேல் வைத்து அப்படியே நின்றார். நான் போவதற்குள் ஊழியர் ஒரு பெண் வந்து, தன் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுத்து, புதிய வழியைச் சொல்லிக்கொண்டே அழைத்துப் போனார். அந்த வாரம் முழுவதும் அதே இடத்தில் அந்த ஊழியரைப் பார்த்தேன். தற்காலிகப் பாதைதானே என்று யாரும் நினைக்கக் கூடாது. நிலையத்துக்கு அது தற்காலிகம். அந்தப் பெரியவருக்கு அன்றைய காலையில் இருந்த ஒரே பாதை அதுதான்.

பேசாமல் ஓராண்டு முழுவதுமாக மூடிவிட்டு வேகமாக முடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். லண்டன் பிரிட்ஜ் அளவு நிலையத்தில் அது நடக்காது என்றே நினைக்கிறேன். அந்தக் கூட்டத்தை வாங்கிக்கொள்ள அக்கம்பக்கத்து நிலையங்களில் இடம் கிடையாது. பெரிய வேலைகளைக் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளில் குவித்துச் செய்வதுதான் வழி. பிரிட்டனில் டிசம்பர் 25 அன்று எப்படியும் ரயில் ஓடாது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: வேலை நடக்கும் காலத்தில் ரயில்களின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்தே ஓட்ட வேண்டும். பாதைகள் குறைந்த நிலையத்தில் ஒரு ரயில் ஐந்து நிமிடம் தாமதமானால், பின்னால் வருவது ஒதுங்கி நிற்க இடமில்லை. கூட்டம் நடைமேடையிலிருந்து படிக்கட்டுக்கும், படிக்கட்டிலிருந்து வாசலுக்கும் பெருகிவிடும்.

உங்கள் நிலையத்தில் இப்படி ஒரு வேலை வரப்போகிறது என்றால், புதிய கட்டடத்தின் படத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் இதைக் கேளுங்கள்: எந்த ரயில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, இங்கே நிற்காது? பதில் கிடைத்ததும் எழுதி வீட்டுக் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் மூன்று ஆண்டுகள் இருந்தது.