வயர் போட்டால் ஓடுகிறதே, அப்புறம் என்ன?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் பேக்கரி வைத்திருக்கிறேன், ஐயா. டீசல் பர்னர் போட்ட ரோட்டரி ரேக் அவன் (தட்டு அடுக்கு உள்ளே சுழலும் பேக்கரி அடுப்பு). காற்றைச் சுற்றவிடும் மோட்டார் டிரைவில் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஓடுகிறது. காலையில் இரண்டு ஈடு ரொட்டி ஒழுங்காக வெந்துவிடும். மூன்றாவது ஈடு கேக். அதை வைத்த கொஞ்ச நேரத்தில் டிரைவில் ‘ஈ.எஃப்.’ என்று காட்டி மோட்டார் நின்றுவிடுகிறது. உடனே ரீசெட் ஆகாது, கால் மணி நேரம் போனால் ஆகும். சர்வீஸ்காரர் டிரைவையே மாற்றச் சொன்னார். உள்ளூர் எலக்ட்ரீஷியன் ஒரு துண்டு வயரை டிரைவ் டெர்மினலில் போட்டார். நான்கு நாளாக ட்ரிப்பே இல்லை. இப்படியே விடலாமா?

பதில்: விடக்கூடாது. நாளைக் காலை பர்னர் போடுவதற்கு முன்னால் அந்த வயரைக் கழற்றச் சொல்லுங்கள். ஆனால் அந்த எலக்ட்ரீஷியனைத் திட்ட வேண்டாம். அவர் தெரியாமலே உங்களுக்கு ஒரு டிரைவ் விலையை மிச்சப்படுத்திவிட்டார்.

ஈ.எஃப். என்றால் ‘எக்ஸ்டர்னல் ஃபால்ட்’. டிரைவ் தன்னைப் பற்றிச் சொல்லும் புகார் இல்லை அது. வெளியிலிருந்து ஒரு கான்டாக்ட் (ஸ்விட்ச் முனை) ‘நிறுத்து’ என்றது, நிறுத்தினேன் என்கிறது, அவ்வளவுதான். அந்தக் கான்டாக்டைத் தாண்டித் துண்டு வயர் போட்டதும் நான்கு நாள் ஓடியிருக்கிறது என்றால் டிரைவ் நன்றாக இருக்கிறது, வெளியே போகும் லைன்தான் அறுபடுகிறது என்று பொருள். எனக்கே இது பட்டுத்தான் தெரிந்தது. பேனல் (கரண்ட் பெட்டி) வேலைக்கு வந்த புதிதில் ஒரு பன் கம்பெனியில் இதே ஈ.எஃப்.புக்குப் புது டிரைவ் மாட்டினேன். பவர் கொடுத்ததும் புதுசும் ஈ.எஃப். என்றது! கடைசியில் பார்த்தால் அவன் கதவின் கீல் தொங்கி, ரோலர் ஸ்விட்ச் பாதிதான் அமுங்கியிருந்தது.

உங்கள் விஷயத்தில் காரணம் கதவு இல்லை. கதவு ஸ்விட்ச்சோ லூஸ் வயரோ என்றால் எந்த ஈட்டிலும் வரும், கதவை ஒரு தட்டுத் தட்டினால் ரீசெட்டும் ஆகிவிடும். கால் மணி நேரம் காத்திருந்தால்தான் ஆகிறது என்கிறீர்களே, அது ஏதோ ஒன்று ஆறுவதற்கு எடுக்கும் நேரம். என் சந்தேகம் மோட்டார் வைண்டிங்குக்குள் (கம்பிச் சுருளுக்குள்) இருக்கும் தெர்மல் கான்டாக்ட் மேல்தான். சூடு அளவு தாண்டினால் அது திறந்துகொள்ளும்.

ஏன் மூன்றாவது ஈட்டில் மட்டும்? கேக்குக்குக் காற்று பலமாக அடித்தால் மேல்பக்கம் வெடிக்கும் என்று டிரைவில் ஹெர்ட்ஸை, அதாவது மோட்டார் வேகத்தை, குறைப்பீர்கள், இல்லையா? பலரும் 30 வரைக்கும் இறக்குகிறார்கள். மோட்டாரை ஆற்றும் பின்பக்க விசிறியும் அதே ஷாஃப்டில்தான் (சுழலும் தண்டில்) இருக்கிறது, அதுவும் சேர்ந்து மெதுவாகிவிடும். ‘வேகம் குறைந்தால் ஆம்பியரும் குறையுமே’ என்று யாராவது கேட்பார்கள். குறையும். ஆனால் அவன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் மோட்டாருக்கு ஷாஃப்ட் வழியாகவும் கீழே இருக்கும் தகடு வழியாகவும் சூடு ஏறிக்கொண்டே இருக்கிறது. இரண்டு ஈடு முடிந்து எல்லாம் கொதித்துக் கிடக்கும் நேரத்தில் விசிறியும் சோர்ந்தால் அந்தச் சூடு எங்கே போகும்?

சந்தேகத்தை உறுதி செய்ய இப்படிச் செய்யச் சொல்லுங்கள். அடுத்த முறை ட்ரிப் ஆனதும், ஆறவிடாமல், பர்னரையும் மெயினையும் அணைக்க வேண்டும். அணைத்தபின்னும் டிரைவுக்குள் கரண்ட் தங்கியிருக்கும். கவரில் எழுதியிருக்கும் நிமிடம் முழுதாகக் கழியாமல் கை வைக்கக்கூடாது. அந்த நேரம் கழிந்ததும், மோட்டார் ஆறுவதற்குள், மோட்டார் பெட்டியைத் திறந்து, தெர்மல் வயர் இரண்டையும் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். அங்கேயே ஓப்பன் (இணைப்பு இல்லை என்று) காட்டினால் மோட்டார் நிஜமாகவே சுடுகிறது. அங்கே பூஜ்யத்தை ஒட்டிக் காட்டி, பேனல் முனையில் ஓப்பன் காட்டினால் நடுவில் வயர் போயிருக்கிறது. அவன் மேல் சாதாரண பி.வி.சி. வயர் ஓடினால் சீக்கிரமே மொறமொறவென்று ஆகிவிடும், அங்கே சிலிக்கோன் வயர்தான் போட வேண்டும். இன்னொன்று, சில மோட்டாரில் கான்டாக்டுக்குப் பதில் பி.டி.சி. தெர்மிஸ்டர் (சூடேறினால் ரெசிஸ்டன்ஸ் கூடும் சென்சார்) இருக்கும். அதில் மெக்கர் (உயர் வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) வைத்துவிடாதீர்கள், போய்விடும்.

மோட்டார்தான் சுடுகிறது என்றால் முதலில் பின்பக்க விசிறி மூடியைக் கழற்றிப் பாருங்கள். மாவும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து காற்று போகும் ஓட்டைகளைப் பூரி மாவு மாதிரி அடைத்திருக்கும். பத்துக்கு ஏழு பேக்கரியில் நான் பார்ப்பது இதுதான். அதைச் சுத்தம் செய்து, பேரிங் சத்தம் பார்த்து, கேக்குக்கு 38, 40 ஹெர்ட்ஸ் வைத்து ஓட்டிப் பாருங்கள். அப்படியும் வந்தால் மோட்டாருக்குத் தனி கரண்டில் ஓடும் கூலிங் ஃபேன் மாட்டலாம்.

துண்டு வயருக்கு நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்றால், மோட்டார் எரிவது சின்ன நஷ்டம். காற்று நின்று பர்னர் மட்டும் எரிந்தால் ஹீட் சேம்பர் (தீ எரியும் அறை) தகடு வளைந்து விரிசல் விடும், அப்புறம் டீசல் புகை ரொட்டி மேலேயே வரும். டிரைவ் ட்ரிப் ஆனதும் பர்னர் தானாக அணைகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் அவனில் யாஸ்கவா கம்பெனி டிரைவ். போன வாரம் ஒருவர் ஃபேக்டரி ரீசெட் போட்டார். அதிலிருந்து மெதுவேக ஸ்விட்ச்சைத் தட்டினாலே ‘ஈ.எஃப்.3’ வருகிறது. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: 3 என்பது எஸ்3 டெர்மினல். வி1000, ஏ1000 மாடல்களில் கம்பெனியிலிருந்து வரும்போதே எஸ்3 எக்ஸ்டர்னல் ஃபால்ட்டுக்கு என்று வைக்கப்பட்டிருக்கும். உங்கள் அவன்காரர் அதை இரண்டாவது வேகத்துக்கு மாற்றி வைத்திருந்திருப்பார், ரீசெட்டில் அது அழிந்துபோனது. ஸ்விட்ச் வயரை எஸ்3இலிருந்து எஸ்5க்கு மாற்றினால் போதும், மல்டி ஸ்பீடு அங்கேதான் இருக்கிறது. டி1-02 என்ற செட்டிங்கில் ஹெர்ட்ஸையும் திரும்பப் போடுங்கள், இல்லையென்றால் ஸ்விட்ச் போட்டதும் மோட்டார் நின்றுவிடும். மோட்டார் ஆம்பியர் செட்டிங்கும் அழிந்திருக்கும். நேம் பிளேட்டைப் பார்த்து அதையும் போட்டுவிடச் சொல்லுங்கள்.