வாசகர் கேள்வி–பதில்: குழல் மாறினால் தோட்டாவும் மாற வேண்டும்

கேள்வி: இலக்குச் சுடும் பயிற்சிக்காக 9 மி.மீ. தோட்டாக்களை நானே மறுநிரப்பல் செய்து (சுட்ட கூடுகளில் மீண்டும் வெடிமருந்து நிரப்பி) பயன்படுத்துகிறேன். என் பிஸ்டலில் இதுவரை தடங்கலின்றி ஓடிய அதே தோட்டாக்கள், வேறு நிறுவனம் தயாரித்த மாற்றுக் குழலைப் பொருத்திய பிறகு பாதி வழியில் நின்றுவிடுகின்றன. பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு முழுவதுமாக மூடுவதில்லை. குழலில் பழுதா? தோட்டா அமரும் அறையைச் சற்று அராவிவிடலாமா?

பதில்: தயவுசெய்து அரத்தைத் தொடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் குழல் சரியாகவே இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. எனினும் முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: தோட்டா எதுவும் இல்லாத வெறும் பிஸ்டலில் ஸ்லைடு தானாகவே முழுவதும் முன்னே சென்று மூடுகிறதா? அப்போதும் மூடவில்லை என்றால், ஸ்லைடோடு பூட்டிக்கொள்ளும் குழலின் பின்பகுதியிலோ அடிப்பகுதியிலோ உலோகம் கூடுதலாக இருக்கலாம். அப்படியே போடத்தக்க குழல்கள் ஒரு வகை; துப்பாக்கித் தச்சர் சிறிது சிறிதாகத் தேய்த்துப் பொருத்துவதற்கென்றே சற்றுப் பருமனாக விடப்பட்ட குழல்கள் மற்றொரு வகை. இரண்டாம் வகையாக இருந்தால் அது அளவுமானிகளோடு வேலை செய்யும் கைதேர்ந்தவரின் பொறுப்பு.

வெறும் பிஸ்டல் ஒழுங்காக மூடுகிறது, தோட்டா இருக்கும்போது மட்டும் தடைபடுகிறது என்றால் காரணம் தோட்டாவில் இருக்கிறது. பலவகை அழுக்கும் அளவு வேறுபாடும் கொண்ட தோட்டாக்களையும் விழுங்க வேண்டும் என்பதற்காக, பிஸ்டலோடு வரும் குழலின் அறை பெரும்பாலும் தாராளமாகக் கடையப்படுகிறது. துல்லியத்தை முன்னிட்டுச் செய்யப்படும் மாற்றுக் குழல்கள் பலவற்றில் அந்த அறை இறுக்கமாக இருக்கும். அறைக்கும், குழலின் உட்சுவரில் உள்ள சுருள் வரிகள் தொடங்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள தொண்டைப் பகுதியும் குறுகியிருக்கும். 9 மி.மீ. தோட்டாவின் பித்தளைக் கூடு அதிகபட்சம் 19.15 மி.மீ. நீளமுடையது, அதன் வாய்விளிம்பு அறையின் முன்னேயுள்ள சிறு படியில் முட்டி நிற்க வேண்டும். அதற்கு முன்பே ரவையின் (கூட்டின் முனையில் அமர்ந்து, சுடும்போது பறந்து செல்லும் உலோகத் தலையின்) வளைவு சுருள் வரிகளில் இடித்துவிட்டால் தோட்டா உள்ளே போகாது.

எங்கே இடிக்கிறது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. குழலைப் பிஸ்டலிலிருந்து கழற்றி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, ஒரு தோட்டாவை அறைக்குள் விடுங்கள். அது ‘டொக்’ என்று உட்கார வேண்டும், விரலால் சுற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும், கவிழ்த்தால் தன் எடையாலேயே வெளியே விழ வேண்டும். விழவில்லை என்றால், அந்தத் தோட்டாவின் மேற்பரப்பு முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்பு மை பூசி, காய்ந்ததும் மீண்டும் உள்ளே விட்டு ஒரு முறை சுற்றி எடுத்துப் பாருங்கள். ரவையின் வளைவில் மை சுரண்டப்பட்டிருந்தால் மொத்த நீளம் அதிகம். கூட்டின் வாயில் சுரண்டல் தெரிந்தால், ரவையை வைப்பதற்காக விரித்த வாயை நீங்கள் முழுவதும் மூடவில்லை. அடிப்பகுதிக்கு அருகில் தெரிந்தால், முந்தைய சுடுதலில் புடைத்த கூடு அளவுக்குத் திரும்பவில்லை. கூட்டை அழுத்தி அளவைத் திருத்தும் அச்சு (டை) போதிய அளவு கீழே இறங்கவில்லை என்று பொருள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பழகிய கைகளுடையவர்கள்கூடக் குழலைக் குறைசொல்லித் திருப்பி அனுப்புவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நீளம்தான் காரணம் என்றால் ரவையைச் சற்று ஆழமாக இறக்க வேண்டியிருக்கும். இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். 9 மி.மீ. கூட்டின் உட்புறம் மிகச் சிறியது. ரவை ஆழமாகப் போனால் மருந்து எரிவதற்கான இடம் குறைந்து, அதே அளவு மருந்தே அதிக அழுத்தத்தை உண்டாக்கும். இந்த வகைத் தோட்டாவுக்கு ஐரோப்பியத் தர அளவு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் 2,350 பார்; அதைத் தாண்ட விடக்கூடாது. ஆகவே நீளத்தைக் குறைப்பவர் பழைய மருந்தளவைத் தொடராமல், உற்பத்தியாளர் வெளியிட்ட அட்டவணையில் அந்த ரவைக்குரிய தொடக்க அளவுக்கே திரும்பிச் சென்று மறுபடியும் படிப்படியாக வர வேண்டும். ஸ்லைடைக் கையால் தள்ளி மூடிச் சுடுவது இன்னும் மோசமானது. ரவை சுருள் வரிகளில் ஏற்கெனவே நெருங்கி அழுந்திய நிலையில் வெடிப்பதால் அழுத்தம் மேலும் ஏறும்.

கேள்வி: நிரப்பிய தோட்டாக்களில் ஒன்று மட்டும் மந்தமான ஓசையோடு வெடித்தது. அடுத்ததைச் சுடலாமா?

பதில்: சுடவே கூடாது. மருந்து விழாத கூட்டில், மருந்தைப் பற்றவைக்க அடியில் பொருத்தப்படும் பிரைமர் மட்டும் வெடித்தால்கூட ரவை குழலுக்குள் சிறிது தூரம் போய் நின்றுவிடும். பின்னால் வரும் ரவை அதன்மேல் மோதினால் குழல் புடைக்கும் அல்லது பிளக்கும். பிஸ்டலைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்தபடி சிறிது நேரம் காத்திருந்து, தோட்டாக்களை முழுவதும் அகற்றி, குழலைக் கழற்றி, ஒளிக்கு எதிரே பிடித்து ஊடாகப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறானது இரட்டை மருந்து. இந்த ஆபத்தைப் புரிந்துகொள்ள .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவை நினைத்துப் பாருங்கள். 1898-இல் அது வந்தபோது இடத்தை அடைத்துக்கொள்ளும் கருமருந்தே முதலில் அதில் நிரப்பப்பட்டது. புகையில்லா மருந்து வந்தபின் அதே கூட்டில் ஒரு சிறு பகுதி மட்டுமே நிரம்புகிறது. தவறுதலாக இரண்டாம் முறை மருந்து விழுந்தாலும் கூடு வழியாது, கையில் எடுத்தாலும் வேறுபாடு தெரியாது. மருந்தை எடைபோடப் பயன்படும் அலகான ஒரு கிரெயின் என்பதே 64.8 மில்லிகிராம்தான். எனவே ரவையை வைப்பதற்கு முன் ஒவ்வொரு கூட்டினுள்ளும் வெளிச்சத்தில் கண்ணால் பார்ப்பதை நான் ஒருபோதும் விடுவதில்லை. கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும் மருந்தைத் தேர்ந்தெடுத்தால், இரண்டாம் முறை விழும்போது அது வெளியே வழிந்து தானே காட்டிக்கொடுக்கும். பேச்சுக்கொடுப்பவர் அருகில் இருக்கும்போது மருந்து அளக்க உட்காராதீர்கள்.

கேள்வி: உறையில்லாத ஈய ரவையைச் சுடுவதற்காகவே மாற்றுக் குழல் வாங்குகிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். குளோக் நிறுவனம் தன் பிஸ்டல்களில் நெடுங்காலமாகப் பயன்படுத்திய பலகோணக் குழலில் கூர்மையான வரிகள் இல்லை. மென்மையான ஈயம் அதில் படிந்துகொண்டே போனால் அழுத்தம் உயரக்கூடும் என்பதால் அவ்வகை ரவைகளை அந்நிறுவனமே விலக்கச் சொல்கிறது. வழக்கமான வெட்டு வரிகள் கொண்ட குழல் அத்தகைய ரவைக்கு ஏற்றது. ஆனால் அதிலும் ஈயம் படியும், ஆகவே சுட்டபின் துலக்கிப் பார்க்க வேண்டும். கூடுகளைத் துலக்கும்போது பறக்கும் தூசியிலும் பிரைமர் எச்சத்திலும் ஈயம் இருப்பதால், அந்த வேலையை வீட்டின் சமையலறையில் செய்ய வேண்டாம். முடித்ததும் சோப்பிட்டுக் கைகழுவிய பிறகே எதையும் உண்ணுங்கள்.