பழைய டார்ச்சுக்கு எல்இடி பல்பு: எது ஒத்துவரும், எது வீண்?

அப்பாவிடம் இரண்டு கட்டை (பேட்டரி) போடும் பித்தளை டார்ச் ஒன்று இருக்கிறது. ராத்திரியில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் மோட்டார் போட அதை எடுத்துக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போவார். கடையில் எல்இடி டார்ச் பல்பு வாங்கி மாட்டிக் கொடுத்தேன். புதுக் கட்டை போட்ட நாள் பளிச்சென்று எரிந்தது, சில நாளிலேயே மங்கி அணைந்துவிட்டது. அதே கட்டையில் பழைய குண்டு பல்பைப் போட்டால் எரிகிறது! பல்பு பழுதா?
– வாசகர், மணப்பாறை

பல்பில் பழுது இருக்காது. உங்கள் டார்ச்சுக்கு ஏற்ற பல்பைக் கடைக்காரர் தரவில்லை என்றுதான் தோன்றுகிறது.

வெள்ளை எல்இடி நன்றாக எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். புதுக் கட்டை ஒன்று 1.5 வோல்ட் என்பதால், இரண்டு சேர்ந்தால் முதல் நாள் சரியாக 3 வந்துவிடும். ஆனால் சாதாரணக் கட்டை பயன்படுத்தப் பயன்படுத்த 1.2, 1.1 என்று இறங்கும். இரண்டும் சேர்ந்து 2.3 வோல்ட் ஆகும்போது எல்இடி அணைந்துவிடும். குண்டு பல்பின் இழை அப்படியில்லை, குறைந்த வோல்டேஜிலும் சிவந்து மங்கலாகவாவது எரிந்துகொண்டிருக்கும். நீங்கள் பார்த்தது இதைத்தான்.

இரண்டு கட்டை டார்ச்சுக்கு, வோல்டேஜை உயர்த்திக் கொடுக்கும் சிறு சர்க்யூட் உள்ளேயே உள்ள பல்புதான் வேண்டும். அட்டையில் '3 வோல்ட்' என்று மட்டும் போட்டிருந்தால் நம்பி வாங்காதீர்கள். '1 முதல் 6 வோல்ட்' என்பதுபோல வோல்டேஜ் வரம்பு அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். வரம்பு 2 வோல்ட்டுக்குக் கீழே தொடங்கினால் உள்ளே சர்க்யூட் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று கட்டை டார்ச்சில் இந்தச் சிக்கல் குறைவு.

கடைக்குப் போகும்போது பழைய பல்பைக் கழற்றி எடுத்துப் போங்கள். அதன் கழுத்தில் 2.5 வோல்ட் என்று இருந்தால் இரண்டு கட்டைக்கு, 3.8 என்று இருந்தால் மூன்று கட்டைக்கு. அடிப்பகுதியில் திருகு மரை இருக்கிறதா, தட்டையான விளிம்பு மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. இணையத்தில் தேடினால் திருகு வகைக்கு 'இ10' என்றும் விளிம்பு வகைக்கு 'பி13.5எஸ்' என்றும் போட்டிருப்பார்கள்.

குண்டு பல்புக்குக் கட்டையை எந்தப் பக்கம் போட்டாலும் கவலையில்லை. எல்இடிக்குத் திசை முக்கியம். டார்ச்சில் குறித்திருக்கிறபடியே போடச் சொல்லுங்கள்.

பித்தளை டார்ச்சை வைத்துக்கொண்டது நல்ல முடிவு. எல்இடியின் சூடு பல்பின் அடிப்பகுதி வழியாகத்தான் வெளியேற வேண்டும். உலோக உடல் அதை வாங்கிக்கொள்ளும், பிளாஸ்டிக் வாங்காது. பல்பின் விலை டார்ச்சின் விலையைத் தொடும் மலிவு பிளாஸ்டிக் டார்ச்சுக்கு இந்தச் செலவே வேண்டாம், புது எல்இடி டார்ச் வாங்கிவிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சர்க்யூட் உள்ள பல்பு, கட்டையை ஒட்ட உறிஞ்சிவிடும். அப்படித் தீர்ந்த சாதாரணக் கட்டையை உள்ளேயே விட்டால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். வெளிச்சம் மங்கியதும் கட்டையை வெளியே எடுத்துவிட்டுப் புதியது போடச் சொல்லுங்கள். பாம்பு, பூரான் திரியும் வரப்பில் நடக்கிறவரின் கையில் வெளிச்சம் திடீரென்று நிற்கக் கூடாது.

எல்இடி மாற்றிய பிறகு காலடியில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. ஆனால் முன்புபோல் தென்னை உச்சி வரை அடிக்கவில்லையே?
– வாசகி, பொள்ளாச்சி

குண்டு பல்பின் இழை எல்லாப் பக்கமும் ஒளி விடும். அதைப் பின்னாலிருக்கும் கிண்ணக் கண்ணாடி திரட்டி ஒரே கற்றையாகத் தூரத்துக்கு அனுப்பும். எல்இடி முன்பக்கம் மட்டுமே ஒளி விடுவதால், அதில் பெரும்பகுதி கண்ணாடியில் படாமலே விரிந்து போய்விடுகிறது. மொத்த ஒளி கூடினாலும் எட்டும் தூரம் குறைவது இதனால்தான்.

வாங்கும்போது பழைய பல்பைப் பக்கத்தில் வைத்து, இழை இருக்கும் அதே உயரத்தில் எல்இடி சில்லும் (ஒளி விடும் சிறு பகுதி) இருக்கிறதா என்று பாருங்கள். சில்லுகளைப் பக்கவாட்டில் பதித்த வகை கிடைத்தால் இன்னும் நல்லது. தலையைத் திருகி ஃபோகஸ் மாற்றும் டார்ச் என்றால் கொஞ்சம் சரிசெய்துகொள்ளலாம். தேங்காய் பார்க்க, தூரத்து வேலியைப் பார்க்க என்றே டார்ச் வைத்திருப்பவர்களுக்கு நான் இந்த மாற்றத்தைச் சொல்ல மாட்டேன்.

'1000 லூமென்' என்று போட்டிருந்த டார்ச் பல்பை ஆன்லைனில் வாங்கினேன். பழையதைவிடச் சற்றுத்தான் கூடுதல் வெளிச்சம். திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.
– வாசகர், திருநெல்வேலி

லூமென் என்பது பல்பு தரும் மொத்த ஒளியின் அளவு. அரை ஆம்பியர் இழுக்கும் சாதாரண இரண்டு கட்டை குண்டு பல்பு தருவது சுமார் 10 லூமென். அரை வாட் எல்இடி 50 லூமென் தந்தாலே ஐந்து மடங்கு. 1000 லூமென் வேண்டுமானால், வாட்டுக்கு 100 முதல் 150 லூமென் என்று வைத்துக்கொண்டாலும் 7 முதல் 10 வாட் தேவைப்படும். சாதாரணக் கட்டை இரண்டால் அதைத் தர முடியாது. '3 வாட்' பல்பே ஒரு ஆம்பியருக்கு மேல் இழுத்து அவற்றைத் திணறடித்துவிடும்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. விளம்பரப் பக்கத்தைப் படம்பிடித்து, பில்லையும் சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். இப்படிப் பொய் எண் போட்டு விற்பவர்கள் நம்பியிருப்பதே அந்தத் தயக்கத்தைத்தான்.

சார்ஜ் ஏற்றும் கட்டை போடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

1.2 வோல்ட் நிக்கல் வகையைப் போடலாம், பல்பில் சர்க்யூட் இருக்க வேண்டும். 3.7 வோல்ட் லித்தியம் செல் இரண்டை உறைக்குள் நுழைத்துப் போடவே போடாதீர்கள். முழு சார்ஜில் 8.4 வோல்ட் ஏறும், 3 வோல்ட் பல்பு கருகிவிடும்.