மனப்பாடம் செய்யச் சொன்ன பிரிவுகள்

மதிப்பிற்குரிய ஐயா,

அரசியல் அறிவியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளி நாட்களிலிருந்தே அரசியல் பேசுவதென்றால் எனக்கு உயிர். வீட்டில் வேண்டாம் என்றும் கேட்காமல் இந்தப் பாடத்தை எடுத்தேன். இப்போது ஏமாற்றமாக இருக்கிறது. வகுப்பில் அரசியலே இல்லை. அரசியலமைப்புப் பிரிவுகள், நாடாளுமன்ற முறைக்கும் அதிபர் முறைக்கும் உள்ள வேறுபாடுகள், இறையாண்மையின் இலக்கணம் என்று எல்லாமே மனப்பாடம். தினமும் செய்தி பார்ப்பவருக்குத் தெரியாத எதை நான் கற்கிறேன்? பொருளியலுக்கு மாறிவிடலாமா?

எம்.

அன்புள்ள எம்,

நீங்கள் சலித்துக்கொள்ளும் பிரிவுகளில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம், பிரிவு 67. நம் பிரதமரைப் போல அங்கே ஆட்சி நடத்தும் சான்சலரை நாடாளுமன்றம் நீக்க வேண்டுமென்றால், அவருக்குப் பதில் யார் என்பதையும் அதே வாக்கெடுப்பில் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வுக்கு இவ்வளவு எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

ஆனால் இதை எழுதியவர்களின் நினைவில் 1932 செப்டம்பர் இருந்தது. அன்று ஜெர்மன் நாடாளுமன்றத்தில் சான்சலர் பாப்பனுக்கு எதிராக 512 வாக்குகள், ஆதரவாக 42. நாஜிகளும் கம்யூனிஸ்ட்டுகளும் ஒரே பக்கம் வாக்களித்தார்கள். வீழ்த்துவதற்கு ஒன்றுசேர்ந்த அவர்களால் ஆள்வதற்கு ஒன்றுசேர முடியாது. எதிர்ப்பில் மட்டுமே உருவாகும் அப்படியொரு பெரும்பான்மையை இனி அனுமதிப்பதில்லை என்ற முடிவுதான் இரண்டே வரியில் பிரிவு 67 ஆனது.

விதி எழுதிவிட்டால் போதுமா? 1972இல் சான்சலர் வில்லி பிராண்ட்டை நீக்க இதைப் பயன்படுத்தினார்கள். அவருக்குப் பதில் நின்ற எதிர்க்கட்சித் தலைவர் ரைனர் பார்ட்செலுக்குத் தேவைப்பட்டது 249 வாக்கு, கிடைத்தது 247. பிராண்ட்டைக் காப்பாற்றக் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை பணம் கொடுத்து வாக்குகளை வாங்கியிருந்தது பின்னால் வெளியே வந்தது. 1982இல் ஹெல்முட் ஷ்மிட்டை இறக்கி ஹெல்முட் கோல் வந்தபோதுதான் பிரிவு 67 முதன்முறையாக வேலை செய்தது. அந்த நாட்டில் இன்றுவரை அது வென்றது அந்த ஒருமுறைதான்.

செய்தி பார்ப்பவர் யார் வென்றார், யார் தோற்றார் என்று தெரிந்துகொள்கிறார். வேறு விதி இருந்திருந்தால் வேறொருவர் வென்றிருப்பாரா என்று கேட்கப் பழக்குவது உங்கள் பாடம். அரசியல் ஆர்வம் உள்ள பலருக்கு இந்தக் கேள்வி வருவதே இல்லை. அவர்களுக்கு எல்லாமே நல்லவர், கெட்டவர் கதைதான். அரிஸ்டாட்டில் தன் மாணவர்களோடு 158 அரசியலமைப்புகளைத் திரட்டியதாகச் சொல்வார்கள். ஏதென்ஸைப் பற்றியது மட்டும் எகிப்தில் பாப்பிரஸ் சுருள்களில் கிடைத்து 1891இல் அச்சானது. ஊர் ஊராக ஆட்சிமுறைகளைச் சேகரிப்பதைவிடச் சலிப்பான வேலை உண்டா? இந்தத் துறை தொடங்கியதே அங்கேதான்.

பொருளியல் பற்றிக் கேட்டீர்கள். எலினார் ஆஸ்ட்ரம் பொருளியலில்தான் முனைவர் பட்டம் செய்ய விரும்பினார். கணிதப் பயிற்சி போதாது என்று இடம் தரவில்லை. அரசியல் அறிவியலுக்கு வந்தார். கலிஃபோர்னியாவில் நிலத்தடி நீரை எல்லோரும் உறிஞ்சி, கடல்நீர் உள்ளே வரத் தொடங்கியபோது அந்த மக்கள் தங்களுக்குள் என்ன ஏற்பாடு செய்துகொண்டார்கள் என்பதே அவருடைய ஆய்வு. பிறகு நேபாளத்தின் பாசனக் கால்வாய்கள், சுவிட்சர்லாந்தின் மலை மேய்ச்சல் நிலங்கள் என்று போனார். பொதுச்சொத்தை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தனியாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம், பயன்படுத்தும் மக்களே விதி வகுத்து, கண்காணித்து, மீறுபவருக்குத் தண்டனையும் கொடுத்துக் காப்பாற்றிய இடங்களைக் காட்டினார். 2009இல் பொருளியல் நோபல் அவருக்கு வந்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். அரசாங்கம் என்றால் தலைநகரில் இருப்பது மட்டும்தான் என்று நினைக்கும் எவரும் அவர் ஆய்வுகளைப் படிக்க வேண்டும்.

எனவே மாறாதீர்கள். ஆனால் புள்ளியியலைக் கட்டாயம் படியுங்கள், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும். அது தெரியாமல் பட்டம் வாங்குபவர்கள் ஒரு தேர்தல் ஆய்வைக்கூடச் சரிபார்க்க முடியாமல் நிற்பது எனக்கு வருத்தம் தருகிறது. வேலை விஷயம்: இந்தப் பட்டம் நேராக ஒரு நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்காது. சட்டம், நிர்வாகம், இதழியல், ஆய்வு எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் மேலே இன்னொரு படிப்போ பயிற்சியோ வேண்டியிருக்கும். வீட்டில் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொன்னால் இதை எடுத்துப் பாருங்கள். ஸ்பெயின் 1978இல் பிரிவு 67இன் இதே ஏற்பாட்டைத் தன் அரசியலமைப்பில் சேர்த்துக்கொண்டது. 2018இல்தான் அங்கே அது முதன்முறையாக வென்றது. அப்படி ஆட்சிக்கு வந்த பெத்ரோ சான்செஸின் கட்சிக்கு 350 இடங்களில் கால்வாசிகூட இல்லை. அடுத்த ஆண்டே பட்ஜெட் தோற்று, தேர்தல் வந்தது. நிலையான ஆட்சிக்காக எழுதிய விதி ஜெர்மனியில் ஒரு மாதிரியும் ஸ்பெயினில் வேறு மாதிரியும் நடந்துகொண்டது ஏன்? கட்சிகளின் எண்ணிக்கையா, மாநிலக் கட்சிகளா, தேர்தல் முறையா? இரண்டு அரசியலமைப்புகளும் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதி முடித்ததும் அனுப்புங்கள், நான் படிக்கிறேன்.